ஆத்மநாதன் விட்டுச்சென்ற பன்னிரண்டு அரக்கு முத்திரைகள்

இந்த அனுதாபக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் திருவாளர் சோலையப்பன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடைமழையிலும் குடையைச் சுருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் புதுக்கோட்டைப் பெருமக்களே! தாய்மார்களே! மாணவர்களே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுக்கும் சிவசாமி நான். என் கையிலிருக்கும் காகிதம் ஆடுவதை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். துக்கத்தால் ஆடுகிறது என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் துக்கம், ஐயா! மீதி பயம்.

நமது பௌதிக ஆசிரியர், உயர்திரு ஆத்மநாதன் அவர்கள் மறைந்து இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. ஆவுடையார்கோவிலில் பிறந்து, நாற்பத்தாறு வயதுக்குள் இந்த ஊரின் பெருமையாக வளர்ந்து, பதினோரு நாள் விஷ ஜுரத்தில் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட ஆசிரியர்! எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி! அவருக்குக் கோபம் வந்து பார்த்தவர் இந்தச் சபையில் யாராவது உண்டா? இருந்தால் எழுந்திருங்கள். ஒருவரும் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. எதையும் அவசரப்பட்டுக் கேட்கக்கூடாது என்பதுதான் அவருடைய விஞ்ஞானம்.

அவர் ஆராய்ந்தது என்ன என்று பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் "வாத்தியார் மெழுகு உருட்டி விளையாடுறாருப்பா" என்று சிரித்தவர்கள்தான். நானும் சிரித்தேன். அதனால் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன் பள்ளிப் பரிசோதகர் வந்த அன்று ஆத்மநாதன் வகுப்பில் ஜவ்வுமிட்டாய் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. பரிசோதகர் முகம் எப்படியிருந்திருக்கும்! இவர் பதறவேயில்லை. ஒரு துண்டை அவர் கையிலும் கொடுத்து, "மெதுவா இழுங்க" என்றார். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டது. "இப்ப வெடுக்குன்னு இழுங்க" என்றார். பட்டென்று ஒடிந்தது. "பொருள் ஒண்ணுதானுங்க. நீங்க கேட்ட வேகம்தான் வேற. மெதுவாக் கேட்டா அது திரவம். சட்டுன்னு கேட்டா அது கட்டி." பரிசோதகர் விரலை நக்கிக்கொண்டே புத்தகத்தில் 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போனார்.

இதுதான் அவர் ஆராய்ச்சி. ஒரு பொருளை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டால், அது முதலில் நம்மை எதிர்த்துத் தள்ளும்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த எதிர்ப்பைக் கைவிடும். எவ்வளவு நேரத்தில் கைவிடும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தண்ணீர் நம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் விட்டுவிடும். சைக்கிள் டியூபை இழுத்து இரண்டு ஆணிக்கு நடுவில் மாட்டினால், முதல் நாள் இருந்த முறுக்கு மூன்றாம் நாள் இருக்காது. கண்ணாடியோ, நம் ஆயுளில் விட்டுக்கொடுக்காது. நடுவில் இருப்பது அரக்கு. அதுவும் வெயில் ஏற ஏற, வருஷக் கணக்கில் விட வேண்டியதை மாதக் கணக்கில், மாதக் கணக்கில் விட வேண்டியதை நாள் கணக்கில் விட்டுவிடும். 'தளர்வுக் காலம்' என்று தமிழில் அதற்குப் பெயர் வைத்து, நோட்டு நோட்டாக எழுதினார் ஆத்மநாதன்.

நாடு போகிற போக்கில் இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டவர்கள் உண்டு. சபையோரே, இன்று ஒரு மனிதனுடைய மானம் இந்த ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது! நமது பள்ளிக்கூடத்து சேவகர் நல்லதம்பியின் மானம்!

தலைவர் அவர்களின் கை மணியின் பக்கம் போகிறது. தெரியும், ஐயா. வரும் வியாழக்கிழமை நல்லதம்பி மீதான விசாரணைக்கும் தாங்களே தலைவர். அனுதாபக் கூட்டத்தில் வழக்கைப் பேசலாகாது என்பதும் தெரியும். ஆனால் வழக்கைத் தவிர்த்துவிட்டு ஆத்மநாதனைப் பற்றி என்ன பேசுவது? அவருடைய கடைசி எண்பத்தோரு நாளும் இந்த வழக்குதானே! தயவுசெய்து மணியை அடிக்காதீர்கள். அடித்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்திருக்கும் தைரியம் எனக்கு வராது.

இந்த 1938-ஆம் வருஷக் கோடையை மறந்திருக்கமாட்டீர்கள். மாசிக் கடைசியில் பரீட்சைக் கேள்வித்தாள்கள் வந்து இறங்கின. இருபத்தேழு கட்டு. ஒவ்வொரு கட்டின் முகத்திலும் ஓர் அரக்கு முத்திரை. அந்த வாரமே ஊரில் வைசூரி கண்டது. பரீட்சை ஆனிக்குத் தள்ளிப்போனது. வழக்கமாக நாலு நாள் தங்கும் கட்டுகள் நாலு மாதம் தங்கின. எங்கே? தகரக் கொட்டகை அறையில், இரும்பு பீரோவுக்குள். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறைக்குள் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி! சாவி நல்லதம்பியிடம். ஆனியில் பீரோவைத் திறந்தால், முத்திரைகள் கலைந்திருக்கின்றன. எழுத்து மங்கி, ஓரம் பிதுங்கி, சிலவற்றில் எழுத்தே இல்லை.

கேள்வித்தாள் வெளியே போய்விட்டது என்று ஊரெல்லாம் கூச்சல். பரீட்சை ரத்து. நல்லதம்பி விளக்கில் காட்டி அரக்கை இளக்கி, கட்டைப் பிரித்து, மறுபடி ஒட்டிவிட்டான் என்றார்கள். ரசாயனம் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று பரீட்சைக் கமிட்டி முடிவு செய்தது. அந்த ரசாயனம் தெரிந்தவர் யார்? நான்!

நான் என்ன செய்தேன்? காலை ஏழு மணிக்குப் போனேன். குளிர்ந்த வேளை. பேனாக்கத்தியின் பிடியால் ஒரு முத்திரையைத் தட்டினேன். சில்லுச் சில்லாகத் தெறித்தது. சரி, இது கல் மாதிரிக் கெட்டி, தானாகக் கலையாது, நெருப்பில் காட்டியிருந்தால்தான் கலையும் என்று எழுதினேன். மூன்றே வரி. கீழே கையெழுத்து. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்க் காபி சாப்பிட்டேன்.

நல்லதம்பி அன்று வாசற்படியில் நின்று அழுதார். "நான் தொடவே இல்லீங்கய்யா. கட்டுமேல கட்டா, நீங்க அடுக்கச் சொன்னபடியேதான் இருந்துச்சு. நகத்தக்கூட வைக்கலீங்க" என்றார். கட்டுமேல கட்டா! உண்மை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. என் காதில் விழுந்தது. தலைக்குள் போகவில்லை.

ஆத்மநாதன் அப்போது சம்பந்தி வீட்டுக் காரியமாக வெளியூர் போயிருந்தார். ஆடி பிறந்தபின் திரும்பி வந்தார். முத்திரைகளைப் பார்க்க அனுமதி வாங்கினார். ஒரு முழுப்பகல் பார்த்தார். ஒன்றையும் தட்டவில்லை. பிறகு என்னிடம் வந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "சிவசாமி, மூணு அடுக்கா அடுக்கியிருந்தாங்களாமே. ஒவ்வொரு அடுக்குலயும் ஒசக்க இருந்த கட்டு எது?"

எடுத்துக் காட்டினேன். மேலே இருந்த மூன்று கட்டுகளின் முத்திரைகளும் அச்சுக் குத்தின அன்று இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தன. கீழே போகப்போக, மேலிருந்த பாரம் ஏற ஏற, மங்கல். அடிக்கட்டில் எழுத்தே இல்லை. எழுத்துக்குப் பதில் மேல் கட்டைச் சுற்றிய சணல் கயிற்றின் தடம் இழை இழையாகப் பதிந்திருந்தது. இதை நானும் பார்த்தேன், சபையோரே! பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? திருடன் கெட்டிக்காரன், சந்தேகம் வராமலிருக்க மேல் கட்டை மட்டும் விட்டுவிட்டான் என்று நினைத்தேன்! அவர் என்னை ஏளனம் செய்யவில்லை. தோளில் கையை வைத்து, "நீங்க தட்டிப் பாத்தீங்க. நான் காத்திருந்து பாக்குறேன்" என்றார்.

ஆடி பன்னிரண்டாம் தேதி அதே தகரக் கொட்டகையில், ஒரே கல்பலகையில், அதே அரக்கில் பன்னிரண்டு முத்திரைகள் குத்தினார். ஒன்றாவது முதல் பதினோராவது வரை எடைக்கற்கள் வைத்தார், பெரியதிலிருந்து சிறியதாக. பன்னிரண்டாவதின்மேல் ஒன்றும் வைக்கவில்லை. தினம் மூன்று வேளை வெப்பத்தைக் குறித்தார். வாரம் ஒருமுறை ஒவ்வொரு முத்திரையின் உயரத்தையும் அளந்தார். நூறு நாள் கணக்கு. நூறாம் நாள் எது? வியாழக்கிழமை. விசாரணை நாள்.

எப்படி வேலை செய்வார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முப்பத்திரண்டாம் நாள் அவருடைய முழங்கை பட்டு ஏழாவது முத்திரையின் எடைக்கல் விழுந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. தூக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நோட்டில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "ஏழாவது: என் முழங்கை பட்டு எடை சரிந்தது. இதை நம்பும்போது யோசிக்கவும்." கீழே கையெழுத்து! தன் முழங்கைக்குத் தானே வாக்குமூலம் எழுதிய மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு தப்புவதற்கு முந்தின நாள் பகலில் நான் போயிருந்தேன். அவர் மனைவி அமிர்தவல்லி அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் கஞ்சியைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தார். கை கொதித்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான். நீங்க பாத்துக்குவீங்கள்ல?" என்றார். "பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். "அந்தக் கல்லுமேல யாரும் கை வைக்காமப் பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன். அவர் என்னிடம் கேட்ட கடைசி உதவி அதுதான்.

பார்த்துக்கொண்டேனா? இல்லை! இந்த மேடையில் நின்று பொய் சொல்லமாட்டேன். அவர் போன பிறகு பதினான்கு நாள் அந்தக் கொட்டகைக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் திருப்பதியிடம், "வெப்பத்தைக் குறித்து வை, எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு ஜன்னலோடு திரும்பிவிட்டேன். வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தப் பலகை ஜெயித்தால் என் மூன்று வரி தோற்கும். இருபத்திரண்டு வருஷத்து மரியாதை தோற்கும். அது பயம், வேறொன்றுமில்லை.

நேற்றுக் காலை தபாலாபீஸ் பக்கம் நல்லதம்பியின் மனைவி பிச்சையம்மாள் என்னை மறித்தார். சத்தம் போடவில்லை. "வெசாளக்கெழம அந்த ஐயா வந்து பேசுவாருன்னு இருந்தோம். இனி யாருங்க வருவா? எழுதுன கை ஒங்க கைதானே, நீங்களே வந்து பாக்கக்கூடாதா?" என்றார். நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம் வீடுகளில் ஒருவர் போய்விட்டால் அவர் புழங்கிய இடத்தில் காரியம் முடிகிறவரை அணையாமல் விளக்கு வைப்போம் அல்லவா? திருப்பதி வைத்திருந்தார். கல்பலகையின் ஓரத்தில் ஆத்மநாதன் படத்தை நிறுத்தி, மாலை போட்டு, ஐந்து முகக் குத்துவிளக்கை ஏற்றி, பதினான்கு நாளும் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறார். "ஐயா நாள்பூரா நின்ன எடமாச்சேன்னு ஏத்துனேங்க. கல்ல மட்டும் தொடவே இல்லீங்க" என்றார். உண்மைதான், தொடவில்லை! வெப்பமானி எதிர்ச் சுவரில் தொங்கியது. விளக்கின் சூடு அதற்கு எட்டவில்லை. விளக்கை ஒட்டியிருந்த நான்கு முத்திரைகள் கூழாகப் பரந்து கிடந்தன. எடைக்கற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அரக்குக்குள் புதைந்திருந்தன.

எந்த நான்கு? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கனமான எடை தாங்கியவை. பீரோவின் அடிக்கட்டுகளுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவை. விளக்கில் காட்டி இளக்கினான் என்பது நல்லதம்பி மேல் குற்றச்சாட்டு. அவரைக் காப்பாற்ற வேண்டிய முத்திரைகளை நாங்களே விளக்கில் காட்டி இளக்கி வைத்திருக்கிறோம்! நான் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திருப்பதிக்கு விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "ஐயா, இந்த நாலையும் சொரண்டி எடுத்துக் கெணத்துல போட்டுறேன். எட்டுத்தான் வச்சிருந்தாருன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?" சபையோரே, ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர் அன்பினால் சொன்னார். எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

நோட்டைத் திறந்தேன். முப்பத்திரண்டாம் நாள் பக்கத்தில் அந்த முழங்கை. அதன் கீழே நேற்று நான் எழுதினேன்: "ஒன்று முதல் நான்கு வரை: எண்பத்தோராம் நாளுக்குப் பின் அருகில் விளக்கு எரிந்தது. திருப்பதி மேல் குற்றமில்லை. கவனித்திருக்க வேண்டியவன் நான். சிவசாமி." ஆகவே, தலைவர் அவர்களே, வியாழக்கிழமை பன்னிரண்டும் வரும். கெட்டுப்போன நான்கும் வரும்.

மிச்சம் எட்டு என்ன சொல்கின்றன? எடை வைக்காத பன்னிரண்டாவது இன்றைக்கும் முதல் நாள் போலவே இருக்கிறது. எடை கூடக்கூட எழுத்து மங்கியிருக்கிறது. ஐந்தாவதில் பாதி எழுத்து போய்விட்டது. யாரும் நெருப்பைக் காட்டவில்லை! கெட்டுப்போன நான்கு முத்திரைகளும் விளக்கு வருவதற்கு முன்பே அடிக்கட்டு மாதிரி அமுங்கியிருந்தன என்பதற்கு, அவர் ஜுரத்தில் விழும்வரை எடுத்த எழுபது நாள் அளவு அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதுவும் சித்திரை வெயில் அல்ல, அதைவிடக் குறைந்த வெயிலில். இது போதுமா? கமிட்டி ஒப்புக்கொள்ளுமா? செத்தவர் நோட்டு சாட்சியாகுமா என்று கேட்பார்களா? எனக்குத் தெரியாது. நேற்று முழுவதும் யோசித்தேன், இன்னும் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பார். குறுக்குக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குற்றம் உறுதியானால் நல்லதம்பி கோர்ட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று என் கையில் இருக்கிறது. ஆனி மாதம் நான் எழுதிக்கொடுத்த மூன்று வரி தவறு. கத்திப்பிடியால் தட்டிப் பார்த்து, ஒரு நொடியில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை நாலு மாதத்துக்கும் பதில் என்று எழுதிவிட்டேன். அதை வியாழக்கிழமை கமிட்டி முன் சொல்வேன். அதற்கு முன் இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் மனசு மாறாமலிருக்கத்தான் சொன்னேன். என்னை எனக்குத் தெரியும். ரசாயன ஆசிரியர் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று கமிட்டி நினைத்தால், அதையும் எழுதித் தரட்டும்.

ஆத்மநாதன் அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய ஏழு பேரும் உறுதி சொன்னார்கள். படம் திறப்போம், பரிசு வைப்போம் என்றார்கள். நல்லது, செய்யுங்கள். நான் அந்த நோட்டை இன்று முதல் மூன்று வேளையும் நானே எழுதுவேன். நூறாம் நாளோடு நிறுத்தமாட்டேன். அடுத்த சித்திரை வெயில்வரை அந்தப் பலகை அங்கேயே இருக்க இந்தப் பள்ளிக்கூடம் அனுமதிக்க வேண்டும். இது என் வேண்டுகோள்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது இரண்டு நிமிஷ மௌனம். அதைப் பற்றித்தான்.

உள்ளே வரும்போது வெளிக் கேட்டில் எல்லோரும் ஒருவரைப் பார்த்தோம். பள்ளிக்கூட எல்லைக்குள் நல்லதம்பி காலடி வைக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. என் கையெழுத்தை நம்பிப் போட்ட உத்தரவு. அதனால் அவர் தமக்காகக் கடைசிவரை உழைத்தவருக்கு அஞ்சலி செய்ய வந்து, புளியமரத்தடியில் மழையில் நிற்கிறார். பிச்சையம்மாளும் கூட நிற்கிறார். நாம் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் வந்தோம். ஒருவரும் பேசவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

அவர் உள்ளே வர உத்தரவில்லை. நாம் வெளியே போக உத்தரவு வேண்டுமா, தலைவர் அவர்களே? அந்த இரண்டு நிமிஷத்தை நான் கேட்டுக்கு வெளியே, நல்லதம்பிக்குப் பக்கத்தில் நின்று அனுசரிக்கப் போகிறேன். ஆத்மநாதன் இருந்திருந்தால் அங்கேதான் நின்றிருப்பார். முதலில் நல்லதம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

இதோ இறங்குகிறேன். யாராவது கூட வாருங்கள்.